வெறி முறிவது வேறு, தெளிவது வேறு

யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் வைத்தியரான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 47. ஆறு பக்கக் கடிதம், அடித்தல் திருத்தல் இல்லாத வடிவான எழுத்து. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

12 வருடமாகக் குடிக்கிறார். தினமும் பின்னேரம் ஏழு மணிக்குக் கால் போத்தல் சாராயம், வெள்ளி சனியில் அரைப் போத்தல். தொடங்கிய காலத்தில் ஒரு கிளாஸே போதுமாக இருந்ததாம். குடியால் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போகாமல் விட்டதில்லை, யாருக்கும் கை நீட்டியதில்லை, ஒழுங்கையில் விழுந்து கிடந்ததில்லை. நண்பர் ஒருவரின் வளவில் மாமரத்தடியில் நாலு பேர் கூடுவார்கள். அதற்கு ‘சபை’ என்று பெயர். அரசியல், இலக்கியம், ஊர்ப்புதினம் எல்லாம் அங்கேதான். இவர் கவிதையும் எழுதுகிறவர். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகுதான் சொல் வருகிறது என்கிறார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் தொடமாட்டார். “இப்படி நிறுத்தக்கூடிய ஒருவனை அடிமை என்று சொல்லலாமா?” என்பது முதல் கேள்வி.

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு, சபையில் வைத்து, நண்பர் ஒருவரின் 15 இலட்சம் ரூபாய் வங்கிக் கடனுக்குப் பிணை நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை போய்க் கையெழுத்து வைத்தார். நண்பர் இப்போது நாட்டில் இல்லை. வங்கியிலிருந்து வரும் கடிதங்களை உடைக்காமலே லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார். “கையெழுத்து வைக்கும்போது நான் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அப்படியென்றால் இதற்குக் குடியைக் குறை சொல்ல முடியுமா?” இது இரண்டாவது.

மகன் இந்த வருடம் ஏ.எல். பரீட்சை எடுக்கிறான். மனைவி சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டார், அதுதான் பயமாக இருக்கிறது என்கிறார். வருகிற நல்லூர்க் கொடியேற்றத்தன்று ஒரேயடியாக நிறுத்துவதென்று முடிவெடுத்திருக்கிறார். அது சரியா, அல்லது குறைத்துக்கொண்டால் போதுமா? கடைசியாக ஒரு வரி: “குடிக்காமல் தெளிவாக இருந்து என்ன செய்யப்போகிறேன் என்றும் ஒரு பயம் இருக்கிறது.”

ஐயா, உங்கள் கடைசி வரியில்தான் நான் அதிகநேரம் நின்றேன். ஆனால் அதற்குப் போகுமுன் அவசரமான ஒன்றைச் சொல்லவேண்டும்.

கொடியேற்றத்தன்று ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்

ஒரு வைத்தியர் இப்படிச் சொல்வது உங்களுக்குப் புதினமாக இருக்கலாம். கடிதத்தின் நாலாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: போன திருவிழாவின் மூன்றாம் இரவு நித்திரை வரவில்லை, சேட்டு நனையும் அளவுக்கு வேர்த்தது, சுவரில் எறும்புகள் சாரைசாரையாக ஊருவதைக் கண்டீர்கள், லைற்றைப் போட்டால் ஒன்றுமில்லை. விரதத்தின் களைப்பு என்று நினைத்தீர்கள். மனைவி பாமசியில் வாங்கி வைத்திருந்த நித்திரைக் குளிசை ஒன்றைப் போட்டுப் படுத்தீர்கள்.

அது விரதக் களைப்பு அல்ல. மூளை மதுவை இழந்து தவித்த தவிப்பு.

நம்முடைய பழைய துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பின்னேரமும் சாராயம் துலாவின் ஒரு முனையில் ஏறி உட்கார்ந்து மூளையை அமத்துகிறது. மூளை சும்மா இருக்காது. சமநிலைக்காக மற்ற முனையில் கல்லைக் கட்டிக்கொண்டே வரும். 12 வருடத்தில் எவ்வளவு கல் சேர்ந்திருக்கும்? ஒருநாள் சாராயம் திடீரென்று இறங்கிவிட்டால் கல் கட்டிய பக்கம் தடாலென்று விழும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, நித்திரையின்மை எல்லாம் அந்த விழுதல்தான். கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலத்திலிருந்து இவை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாததைக் கண்டு, இருக்கும் இடமும் தெரியாமல் போகும். வைத்தியம் செய்யாமல் விட்டால் அந்த நிலையில் உயிர் போவதும் உண்டு.

நீங்கள் கண்ட எறும்பு அந்த நிலையின் படலைக்கு வெளியே வந்து நின்ற ஒன்று. போன முறை அது உள்ளே வராமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் இந்தத் தவிப்பு முன்னதைவிடக் கடுமையாவது வழமை. ஆகவே ‘போன வருடம் சமாளித்தேன்தானே’ என்ற கணக்கு இந்த வருடத்துக்குப் பொருந்தாது.

நிறுத்துங்கள், கட்டாயம் நிறுத்துங்கள். வைத்தியருடைய கண்காணிப்பில் நிறுத்துங்கள். தவிப்பை அடக்கும் மருந்தைக் கணக்காகத் தொடங்கி ஒரு கிழமை அளவில் படிப்படியாகக் குறைத்து எடுத்துவிடுவோம். எறும்பு கண்டவர் என்பதால் சில நாட்கள் வைத்தியசாலை விடுதியில் தங்கச் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு இல்லை. அதுவரை இப்போது குடிக்கும் அளவைக் கூட்டாதீர்கள், நீங்களாகச் சடுதியாக வெட்டவும் வேண்டாம். அந்த நித்திரைக் குளிசையைச் சாராயத்தோடு சேர்த்து ஒருநாளும் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

இன்னொன்று. குடிக்கிறவர் சோர்ந்து விழுந்தால் ‘ஒரு குளுக்கோஸ் சேலைன் ஏத்தினால் சரி’ என்று நம் ஆட்கள் சொல்வார்கள். மது உயிர்ச்சத்து பி1ஐ உடம்பில் சேரவிடாது. அந்தக் குறைபாடு உள்ளவருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம், ஞாபகசக்தி திரும்பி வராமலே போகலாம். எங்கே போனாலும் ‘நான் தினமும் குடிக்கிறவன்’ என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கத்தை விட ஞாபகசக்தி பெறுமதியானது, அதுவும் ஒரு வாத்தியாருக்கு. வலிப்பு வந்தாலோ ஆள் மாறிக் கதைத்தாலோ வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

25 நாள் எதைக் காட்டுகிறது

‘25 நாள் நிறுத்தக்கூடியவன் அடிமையல்ல’ என்பது யாழ்ப்பாணத்தில் நான் அடிக்கடி கேட்கும் வாதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் நிறுத்துகிறவர், ஐயப்பனுக்கு மாலை போட்டு நிறுத்துகிறவர் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். உங்கள் பக்தியையும் மன உறுதியையும் நான் சந்தேகிக்கவில்லை. 25 நாள் உங்களுக்கு உறுதி இருப்பதை அது காட்டுகிறது, சரி. ஆனால் 26ஆம் நாள் என்ன நடந்தது? தீர்த்தத் திருவிழா முடிந்த அடுத்த பின்னேரமே சபை கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நாங்கள் பார்ப்பது ஆறு அறிகுறிகளை: அடங்காத ஆவல், தொடங்கினால் அளவு கைமீறுவது, நிறுத்தினால் தவிப்பு, அதே வெறிக்கு வரவர அதிகம் தேவைப்படுவது, மற்ற விஷயங்கள் பின்னுக்குப் போவது, கேடு தெரிந்தும் தொடர்வது. ஒரு வருடத்துக்குள் இவற்றில் மூன்று சேர்ந்து இருந்தாலே மதுவில் தங்கியிருத்தல் என்று சொல்வோம். உங்கள் கடிதத்தில் மூன்றைக் கேள்விக்கிடமின்றிக் காண்கிறேன், நாலாவதும் இருக்கும் போலிருக்கிறது. ‘அடிமை’ என்ற சொல்லை நான் பாவிப்பதில்லை. அது ஆளைச் சுட்டுகிற சொல். உங்களுக்கு இருப்பது ஒரு வருத்தம், அதற்கு மருந்தும் வழியும் உண்டு.

ஒரு சொட்டும் குடிக்காத திங்கட்கிழமை

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடிதத்திலேயே கூர்மையான கேள்வி அதுதான்.

முதலில் கணக்கு. கால் போத்தல் என்றால் 180 மில்லிலீற்றர். சாராயத்தின் வீரியம் 33 வீதம் அளவில் என்று வைத்தால் அதில் ஏறக்குறைய 47 கிராம் சுத்த மது இருக்கிறது. உடம்பு மணித்தியாலத்துக்கு ஏழிலிருந்து பத்துக் கிராம்தான் எரிக்கும். தேசிக்காய்த் தண்ணீர், மோர், குளிப்பு எதுவும் அதை விரைவுபடுத்தாது. கால் போத்தல் விடியுமுன் போய்விடும். அரைப் போத்தல் போகப் பத்திலிருந்து பதினாலு மணித்தியாலம் எடுக்கலாம். சனிக்கிழமை காலை ஏழு மணி ரியூசன் வகுப்புக்கு மோட்டார்சைக்கிளில் போகிறீர்களே, வெள்ளி இரவின் சாராயம் அப்போதும் இரத்தத்தில் இருக்கும் நாட்கள் உண்டு. இதை நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் திங்கட்கிழமை நீங்கள் சொன்னது சரி. ஞாயிறு கால் போத்தல்தான் என்றால் வங்கி திறக்கும்போது இரத்தத்தில் ஒன்றும் இருந்திராது. வெறி முறிந்துவிட்டது. நாம் ‘வெறி முறிஞ்சிட்டுது’ என்று சொல்வதோடு நின்றுவிடுகிறோம். ஆள் நேராக நடக்கிறார், தேத்தண்ணி குடிக்கிறார், வேலைக்குப் போகிறார், ஆகவே தெளிவாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். முறிவதற்கு ஓரிரவு போதும். தெளிவதற்கு வாரங்கள் வேண்டும், சில விஷயங்களுக்கு மாதங்கள் வேண்டும். கலங்கிய கிணற்றில் தினமும் பின்னேரம் ஒருவர் இறங்கி உழக்கினால் காலையில் மேல்தண்ணீர் மட்டும் கொஞ்சம் தெளிந்ததுபோல இருக்கும். அந்த மேல்தண்ணீரைத்தான் 12 வருடமாக உங்கள் சுயபுத்தி என்று நினைத்து வந்திருக்கிறீர்கள்.

மது உங்களை விரைவாகத் தூங்க வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியைக் கிழித்துவிடும். மூன்று மணிக்கு முழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது இதனால்தான். கனவு காணும் நித்திரை குறைகிறது. காலையில் மனம் பதறும். அந்தப் பதற்றத்தோடு ஒருவர் இருக்கும்போது பெரிய விஷயத்தை ஆறுதலாக எடைபோட மாட்டார், எப்படியாவது முடிந்தால் சரி என்று இருக்கும். சனி இரவு சபையில் வாக்குக் கொடுத்தவருக்குக் கண் முன்னால் இருந்த நண்பரின் முகம் மட்டும்தான் தெரிந்தது. மது பார்வையை அப்படித்தான் ஒடுக்கும், எதிரில் இருப்பது பெரிதாகும், நாளைக்கு வரப்போவது மறையும். திங்கள் காலை போனவர் அந்த வாக்கைக் காப்பாற்றப் போனார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எங்கே, எந்த நேரத்தில் வாக்குக் கொடுத்தீர்கள் என்பதும் வெளியே வந்திருக்கும். அதனால் கேட்கவில்லை. இது என் ஊகம், பிழை என்றால் திருத்துங்கள்.

நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துளியும் தொடாத எத்தனையோ பேர் இந்த ஊரில் பிணை நின்று நொந்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத வருத்தம் நமக்கெல்லாம் உண்டு. ஆகவே முழுப் பழியையும் சாராயத்தின் தலையில் போட என்னால் முடியாது.

பிணை விஷயம் என் துறையும் அல்ல. ஆனாலும் லாச்சிக்குள் இருக்கும் கடிதங்களை இந்தக் கிழமையே, காலை நேரத்தில், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உடையுங்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் பிணையாளியிடமும் வரலாம். அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். வழக்கு என்று போகுமுன் வங்கியோடு தவணை கதைக்க இடமிருக்கும். இதற்கு நீங்கள் தெளியும்வரை காத்திருக்க முடியாது. மற்றப்படி காணி விற்பது, புதுக் கடன், வேலையை விடுவது போன்ற எதையும் முதல் மூன்று மாதத்துக்குத் தொடாதீர்கள்.

குறைத்துக்கொண்டால் போதாதா?

சிலருக்குப் போதும். தவிப்பு இல்லாத, எப்போதாவது எல்லை மீறுகிறவர்களோடு அளவுக் கணக்குப் பேசி நாங்கள் வெற்றி கண்டிருக்கிறோம். மூன்றாம் இரவில் எறும்பு கண்டவருக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன். ஒரு கிளாஸோடு நிற்பதற்கு உங்களுக்குத் தேவைப்படும் காவல், முழுதாக விடுவதற்குத் தேவைப்படுவதைவிட அதிகம். தினமும் ஏழு மணிக்கு உங்களோடு நீங்களே பேரம் பேச வேண்டியிருக்கும். முழுதாக விட்டவருக்கு அந்தப் பேரம் கொஞ்ச நாளில் அலுத்துப்போகும். ‘அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது’ என்றும் எழுதியிருந்தீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

ஆவலைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஈரலைச் சோதித்துப் பார்த்துவிட்டு எது பொருந்தும் என்று முடிவெடுப்போம். மருந்து கைத்தடிதான், நடக்க வேண்டியவர் நீங்கள். நடக்கச் சிரமமான இடங்களை இப்போதே எண்ணி வையுங்கள்: எட்டுச் செலவு வீடுகள், கலியாணத்துக்கு முதல்நாள் இரவு, ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து போத்தலோடு வந்திறங்கும் சொந்தக்காரர். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரிப் பதில் ஒன்று ஆயத்தமாக இருக்கட்டும். ‘டொக்டர் மருந்து தந்திருக்கிறார், தொடக்கூடாது’ என்பது யாழ்ப்பாணத்தில் நன்றாக எடுபடும். அது பொய்யும் இல்லை.

கிளினிக்கில் மாணவர்களின் பெற்றோர் யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் விளங்குகிறது. அங்கே நித்திரை வராதவர்களும் தலையிடிக்காரர்களும் மறதி வந்த பெரியவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகளும்தான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சொல்வதை அதிபருக்கோ கல்விக் கந்தோருக்கோ நாங்கள் அறிவிப்பதில்லை. வரத் தயக்கமாக இருந்தால் முதலில் 1926க்கு எடுத்துக் கதையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

உங்கள் மனைவிக்கு

குடியை விட வைக்கும் என்று தங்கச்சி சொன்ன குளிசையைத் தேத்தண்ணியில் கலந்து கொடுக்க வேண்டாம், அம்மா. அது இருக்கும் உடம்பில் மது போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, ஆளே போய்விடலாம். அது நாங்களும் கொடுக்கும் மருந்துதான், ஆனால் குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, தானே எடுக்க வேண்டியது. ஏழு மணிக்குப் பிறகு புத்தி சொல்லாதீர்கள், கேட்கிற காது அப்போது வீட்டில் இல்லை. காலையில் சொல்லுங்கள். நீங்கள் சண்டையை நிறுத்தியதும் அவருக்குப் பயம் வந்திருக்கிறது என்பதையும் இதை வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

தெளிவாக இருந்து என்ன செய்வது?

இப்போது அந்தக் கடைசி வரி. முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் பிடிக்காது. பின்னேரம் நீளும், சாப்பாடு சப்பென்று இருக்கும், மனம் கவலைப்படும். பலருக்கு இந்தக் கவலை மருந்தில்லாமலே மூன்று நாலு கிழமையில் குறைந்துவிடும், குறையாவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு. நித்திரை மெல்லத்தான் திரும்பும். வாசித்தது மனதில் நிற்பது, திட்டம் போட்டு ஒன்றை முடிப்பது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், சில நினைத்ததைவிடப் பிந்தும். ‘குடியை விட்டேன், இன்னும் தெளியவில்லையே’ என்று பலர் இரண்டாம் கிழமையில் போத்தலுக்குத் திரும்புகிறார்கள். அது சேறு அடியில் படியாத கிழமை.

சபையை விடச் சொல்லி நான் கேட்கமாட்டேன். நாலு பேர் கூடிக் கதைக்கிற இடம் நல்ல வாழ்க்கையில் பாதி. ஆனால் முதல் மூன்று மாதம் அந்த மாமரத்தடிக்குப் போகாதீர்கள். அந்த நாலு பேரில் ஒருவரை மட்டும், காலையில், உங்கள் விறாந்தைக்குக் கூப்பிடுங்கள். வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் அவர் உங்களுக்காக வந்தவர்.

கவிதைக்கு வருவோம். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு சொல் வருவதாக நீங்கள் நம்புவதில் பாதி உண்மை இருக்கிறது. உங்களுக்குள் இருந்து ‘இது சரியில்லை, வெட்டு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் வாத்தியார் அப்போது நித்திரையாகிவிடுகிறார். தடுக்க ஆளில்லாததால் சொற்கள் ஓடி வருகின்றன. வந்ததெல்லாம் நல்ல சொல்தானா என்பதை நான் தீர்மானிக்க முடியாது, நீங்கள் தீர்மானிக்கலாம். கடைசி ஒரு வருடத்தில் இரவில் எழுதியவற்றை ஒரு காலைப்பொழுதில் எடுத்து, மாணவன் ஒருவனின் கட்டுரையைத் திருத்துவதுபோலச் சிவப்புப் பேனையால் திருத்துங்கள். அவசரம் இல்லை, ஆஸ்பத்திரியால் வந்து ஆறேழு கிழமைக்குப் பிறகு செய்தால் போதும். அதற்குப் பிறகு வரும் கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். எவ்வளவு சிவப்பு இருக்கிறதென்று எனக்கும் பார்க்க ஆசை.